பெஸ் மட்டும் படுக்கவில்லை

ஆலிஸ்டர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அவர் முடிவுக்கு வருவது அபூர்வம். நாற்பத்தோரு வருஷத் தாம்பத்தியத்தில் மொத்தம் ஏழு தடவை வந்திருக்கிறார். ஏழு தடவையும் ரேவின் அவரை வந்த வழியே திருப்பி அனுப்பியிருக்கிறாள். இது எட்டாவது.

பின்வாசல் படியில் உட்கார்ந்து, காலடியில் கிடந்த ஆட்டுநாய் பெஸ்ஸிடம்தான் அதை முதலில் அறிவித்தார்.

“கேட்டுக்க பெஸ். இந்தச் சனிக்கிழமையிலேர்ந்து நீ அந்த க்ளப்புக்குப் போகப்போறதில்ல. சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான்.”

பெஸ் அவர் முகத்தையே பார்த்தது. பதினோரு வயது, கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, நரைத்த மூக்கு. அவர் பேசும்போது கண்ணை எடுக்காது. இந்த வீட்டில் தன் பேச்சை முழுசாகக் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான் என்று ஆலிஸ்டர் நம்பினார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரை பெஸ்ஸுக்கு ஒரு வேலை இருந்தது. அவருக்கும் இருந்தது. காக்கநூயி மலைச்சரிவில் மூவாயிரம் ஆடுகள். ஆலிஸ்டர் கீழே வேலியோரம் நின்று தகர விசிலை வாயில் வைத்து ஒரு ஊது ஊதினால், அரை மைல் மேலே பெஸ் இடப்பக்கம் வளைந்து ஓடும். இரண்டு ஊது என்றால் வலப்பக்கம். நீளமாக ஒன்று என்றால், இருந்த இடத்திலேயே வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துவிடும். அந்த வட்டாரத்து ஆட்டுநாய்ப் போட்டிகளில் இந்த ஜோடி இறங்குகிறது என்றால் மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் பேர் கொடுப்பார்கள். அப்புறம் ஆலிஸ்டரின் முழங்கால் போயிற்று. பெர்த் நகரத்தில் இருக்கிற மகள் ஆடு மேய்க்கத் திரும்பி வரமாட்டேன் என்றாள். மலையை பைன் மரம் வளர்ப்பவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் போகிற சாலையில் ஆலிஸ்டர் இப்போது வண்டி ஓட்டுவதே இல்லை.

இப்போது ரான்ஃபர்லி ஊருக்குள் ஒரு மூன்று அறை வீடு. பின்னால் துளி புல்தரை. பெஸ் அதை இருபத்திரண்டு தாவலில் முடித்துவிடும். எண்ணிப் பார்த்தவர் அவர்தான். எண்ணுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

ரேவின் பத்து நாளில் ஊரோடு ஒட்டிக்கொண்டாள். தேவாலயப் பாட்டுக் குழு, நூலகத்தில் இரண்டு நாள், பந்துருட்டும் ஆட்டம். ஆலிஸ்டர் ஒட்டவில்லை. பழைய சிநேகிதர்களில் ஒருவர் செத்துப்போனார். ஒருவர் டனீடின் நகரத்தில் மகனோடு இருக்கிறார். மூன்றாமவர் போனில் “அப்புறம்?” என்பார், இவரும் “அப்புறம்?” என்பார், அத்தோடு சரி. அதனால் காலை உணவு முடிந்ததும் படியில் உட்கார்ந்து பெஸ்ஸிடம் பேச ஆரம்பிப்பார். உலகத்தில் உள்ளதெல்லாம் பேசுவார்.

கெடுத்தது கால்நடை டாக்டர். “வயசான நாய் சும்மா படுத்திருக்கக் கூடாது. ஓடணும், புதுசா ஏதாவது கத்துக்கணும், நாலு பேரோட பழகணும். இல்லேன்னா மூலையில சுருண்டே போயிடும்” என்றார் அவர். ரேவின் தலையாட்டினாள். அப்போது அவள் நாயைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை ஆலிஸ்டர் கவனிக்கவில்லை.

மறு சனிக்கிழமையே பெஸ்ஸைக் கண்காட்சி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே நாய் விளையாட்டு க்ளப்பில் கிழட்டு நாய்களுக்கென்று தனிப் பிரிவு. கணுக்கால் உயரத்தில் குறுக்குக் கம்பு, நுழைந்து வர ஒரு துணிக் குழாய், வளைந்து வளைந்து போக ஆறு குச்சிகள். ஓடி முடித்தால் கைதட்டு.

ஒன்பது மணிக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் வருவார்கள். அந்த நாலு மணி நேரம் ஆலிஸ்டருக்கு ஆகவே ஆகாது. குளிர்பெட்டி உறுமும், நிற்கும், மறுபடி உறுமும். பழக்கதோஷத்தில் ரொட்டி ஓரத்தைப் பிய்த்துக் காலடியில் போடுவார். அது அங்கேயே கிடக்கும். பிறகு குனிந்து அவரே எடுப்பார். அவருக்குத் தனியாக இருக்கப் பயம். எழுபத்தொரு வயதில் அதை எப்படிச் சொல்வது? அதனால் அதற்கு நாயின் கௌரவம் என்று பேர் வைத்தார்.

“பெஸ் யாரு தெரியுமா?” என்றார் காலை மேசையில். “மூவாயிரம் ஆட்டைக் கண்ணாலேயே நிறுத்தினவ. அவளப் போய்த் துணிக் குழாய்க்குள்ள நுழைய விடறியே!”

“அவளுக்குப் பிடிச்சிருக்கு.”

“அவ சொன்னாளா?”

“வால் சொல்லுது. உனக்குத்தான் வால் இல்ல, கண்டுபிடிக்க முடியல.”

“அங்க வர்றதெல்லாம் சோபாவுல படுக்கற நாய்ங்க ரே!”

“நம்ம வீட்டுல சோபாவுல படுக்கறது யாருன்னு நான் வாயத் திறக்கணுமா மனுஷா?”

நேர்வழி அடைபட்டதால் ஆலிஸ்டர் குறுக்கு வழியில் இறங்கினார்.

முதல் திட்டம் எளிது. வெள்ளிக்கிழமை படியில் பெஸ்ஸிடம் கிசுகிசுத்தார். “உன் கழுத்துவாரை மறைச்சுடறேன். எங்க தெரியுமா? உறைபெட்டியில பட்டாணி மூட்டைக்கு அடியில. செத்தாலும் கண்டுபிடிக்க மாட்டா.” சனிக்கிழமை காலை ரேவின் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். நேராக உறைபெட்டியைத் திறந்தாள். பட்டாணியைத் தூக்கினாள். குச்சி மாதிரி விறைத்துப்போயிருந்த வாரை எடுத்து மேசையில் டொக்கென்று வைத்தாள்.

“மத்தியானம் பட்டாணி சூப் வைக்கலாம்னு பாத்தேன்” என்றாள்.

தற்செயல் என்று ஆலிஸ்டர் மனதைத் தேற்றிக்கொண்டார். அடுத்த வாரம் இரண்டாவது திட்டம். “வலது முன்கால்ல கட்டுப் போட்டுடறேன் பெஸ். நீ கொஞ்சம் நொண்டினா போதும், மத்தத நான் பாத்துக்கறேன்.” சனிக்கிழமை விடிந்ததும் அரை முழம் துணியால் பிரமாதமான கட்டு. ரேவின் படுக்கையறையிலிருந்து வரும்போதே கையில் கத்தரிக்கோல் இருந்தது. குனிந்து நறுக்கினாள், துணியை அவர் தோளில் போட்டாள், நாயோடு கிளம்பிவிட்டாள். பெஸ் ஒரு எட்டுகூட நொண்டவில்லை. ஆலிஸ்டருக்கு நாய் மேல் வருத்தம்.

“இவளுக்குப் பேய் ஏதாவது சொல்லுதா?” என்று மறுநாள் படியில் கேட்டார். “திட்டம் உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்? சரி, போகட்டும். மூணாவது திட்டத்துல தப்பவே முடியாது. மைதானத்துச் செடிவேலிக்குப் பின்னாடி நான் ஒளிஞ்சிருப்பேன். நீ ஓட ஆரம்பிச்சதும் நீளமா ஒரு விசில். நீ அப்படியே படுத்துடணும். ரெண்டு வாரம் படுத்தா போதும், அவளே வெறுத்துப்போய் உன்ன வீட்டுல விட்டுடுவா. பதினோரு வருஷத்துல என் விசிலுக்கு நீ ஒரு தடவை கூட மாறினதில்ல.”

பெஸ் அவரையே பார்த்தது. ஆலிஸ்டர் அதன் தலையைத் தடவினார். அவருக்குக் கண் கொஞ்சம் கலங்கியது.

சனிக்கிழமை கிளம்பும்போது ரேவின் வாசலில் நின்று திரும்பினாள். “வெளிய போற மாதிரி இருந்தா மழைக்கோட்டு எடுத்துக்க. செடிவேலி ஓரமெல்லாம் சொட்டிக்கிட்டு இருக்கும்.”

“நான் எங்க போகப்போறேன்?” என்றார் ஆலிஸ்டர்.

கோட்டு எடுத்துக்கொள்ளவில்லை. வேலிக்குப் பின்னால் நின்ற இருபது நிமிஷத்தில் சட்டைக் காலருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கிளைகளை விலக்கிப் பார்த்தார். மைதானத்தில் எட்டு நாய்கள். மூன்று அவர் ஜாதி, பண்ணையில் வேலை செய்து ஓய்ந்தவை. க்ளப் தலைவி டெல்மா தன் கோர்கி நாயோடு நின்றாள். பதின்மூன்று வயது கோர்கி, பீப்பாய்க்குக் கால் முளைத்த மாதிரி.

பெஸ் முறை வந்தது. ரேவின் வாயே திறக்காமல் கையை உயர்த்தினாள். பெஸ் கம்பைத் தாண்டியது. கையைத் தாழ்த்தினாள். குழாய்க்குள் நுழைந்தது. கூத்துக்காரி மாதிரி என்ன கையாட்டல் என்று நினைத்துக்கொண்டே ஆலிஸ்டர் விசிலை வாயில் வைத்தார். மூச்சை இழுத்தார். ஊதினார்.

அப்படி ஒரு விசில் அந்த ஊர் கேட்டிருக்காது. மூன்று பண்ணை நாய்களும் நின்ற இடத்தில் பொத்தென்று படுத்தன. ஒன்றை வாரில் பிடித்திருந்த பெண்மணி அதோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டாள். கோர்கி கூட யோசித்துப் பார்த்துவிட்டுப் படுத்தது. அதற்கு விசில் தேவைப்பட்டிருக்காது, சாக்கு கிடைத்தது.

பெஸ் மட்டும் படுக்கவில்லை.

குழாயின் மறுபக்கம் வந்தது. குச்சிகளுக்குள் வளைந்தது. ஆலிஸ்டர் மறுபடி ஊதினார். முகம் சிவக்க ஊதினார். கடைசிக் கம்பைத் தாண்டி பெஸ் வேலிப் பக்கமாகவே வந்தது. மூன்றடி தூரம். அவர் ஊதிக்கொண்டே இருக்கிறார். அதன் காது அசையவில்லை. ஒரு மயிர்கூட அசையவில்லை. நாக்கைத் தொங்கப்போட்டுச் சிரித்துக்கொண்டு ரேவினிடம் ஓடியது.

விசில் அவர் வாயிலிருந்து தானாக விழுந்தது. அது பிடிவாதம் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் நாய்களோடு இருந்தவருக்கு அது தெரியாமல் போகுமா? தெரியாமல்தான் போயிருக்கிறது.

ரேவின் வேலியோரம் வந்து கிளையை விலக்கினாள். “கோட்டு எடுத்துக்கன்னு சொன்னேன்ல?” என்றாள்.

வீடு திரும்பும் வழியில் வண்டியில் பெஸ் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. பாதி வழியில் ஆலிஸ்டர் கேட்டார்.

“எப்பலேர்ந்து?”

“போன வருஷம் ஜூலை. கேக் தட்டு அவளுக்குப் பின்னாடி கீழ விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? நீ நாற்காலியோட துள்ளினே. அவ தூங்கிக்கிட்டே இருந்தா.”

“நான் வீட்டுல விசில் அடிச்சா வராளே!”

“விசில வாயில வைக்கறப்ப உன் தோள் இறங்குது. அவ தோளப் பாத்து வரா. நான் தரைய மிதிச்சுக் கூப்பிடறேன். அதிர்வு தெரிஞ்சு வரா.”

“மிதிக்கறது அதுக்கா? நான் நீ கோபமா இருக்கேன்னு நினைச்சேன்.”

“ஒரு வருஷமாவா?”

“அடிக்கடி கோபப்படறேன்னு நினைச்சேன்.”

ரேவின் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. “அப்ப நான் படியில உக்காந்து பேசினதெல்லாம்…”

“படிக்கு மேல ஜன்னல் இருக்கு. ஜன்னலுக்கு உள்ள பாத்திரம் கழுவற தொட்டி. தொட்டிக்கு முன்னாடி நான். எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.”

ஆலிஸ்டருக்குப் பட்டாணி மூட்டை புரிந்தது. கத்தரிக்கோல் புரிந்தது. அது மட்டுமா? அந்தப் பழுப்புத் திரைச்சீலை பிடிக்கவில்லை என்று பெஸ்ஸிடம் புலம்பிய வாரமே அது மாறிப்போனது. ஒருநாள் படியில் அவர் சொல்லியிருந்தார், “ஒரு சனிக்கிழமை நான் இங்கேயே செத்துக் கிடப்பேன் பெஸ், ஒரு மணி வரைக்கும் யாருக்கும் தெரியாது.” அதற்குப் பிறகுதான் சனிக்கிழமைகளில் பதினோரு மணிக்கு ரேவினிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. “அடுப்ப அணைச்சேனா பாரு.” “பூட்ஸு வெளிய இருக்கா பாரு.” என்ன மறதி இவளுக்கு என்று அவர் அலுத்துக்கொள்வார்.

“ஏன் சொல்லல ரே?”

“சொன்னா நீ பேசறத நிறுத்திடுவே. எங்கிட்ட நீ பேசறது என்ன? ‘உப்பு.’ ‘சரி.’ ‘மழை வரும்.’ அதையும் விட்டுட்டா, அந்த வீட்டுல உன் குரல நான் எங்க போய்க் கேக்கறது?”

ஆலிஸ்டர் வண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம் படியில் பேச்சே இல்லை. உட்காருவார். பெஸ் முகத்தைப் பார்க்கும். இவர் வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். பின்னால் ஜன்னலுக்குள் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும், பாத்திரச் சத்தம் மட்டும் வராது. ஒரு வருஷமாக நாயோடு இருந்தோம் என்று நினைத்திருந்தார். இப்போது பார்த்தால் தனியாகத்தான் இருந்திருக்கிறார். பக்கத்தில் ஒருத்தி இருந்திருக்கிறாள், அவளும் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். புதன், வியாழன் இரண்டு நாளும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவருக்கு மூளை வேலை செய்தது. ஜன்னல்தான் கேட்கிறதே! அந்த ஜன்னலையே தபால்பெட்டி ஆக்கிவிட்டால்? பெஸ் பக்கம் குனிந்து, தெருக்கோடி வரை கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

“பெஸ்! நாளைக்கு என்னை யாராவது மரியாதையா க்ளப்புக்குக் கூப்பிட்டா, வண்டி ஓட்டறதுக்காக வேணும்னா வரலாம்னு இருக்கேன்! ஆனா அவங்கதான் கூப்பிடணும்! நானா கேக்க மாட்டேன்!”

ஜன்னலுக்குள் தண்ணீர் நின்றது. ஆலிஸ்டர் காத்திருந்தார். பதில் இல்லை. இன்னும் உரக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுத் தோட்டத்திலிருந்து, “நான் கூப்பிடட்டுமா ஆலிஸ்டர்?” என்று ஒரு குரல் வந்தது. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை ரேவின் ரொட்டியில் முட்டை வைத்துக் கட்டினாள். வாரை எடுத்தாள். அவரைக் கூப்பிடவில்லை. ஆலிஸ்டர் தொப்பி போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

“என்ன தொப்பியெல்லாம்?” என்றாள்.

“நேத்து நான் பேசினது உனக்குக் கேக்கலியா?”

“எது?” ரேவின் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தாள். “வயசாச்சு பாரு. நாய்க்குச் சொல்றதெல்லாம் இப்ப எனக்குக் கேக்க மாட்டேங்குது. எங்கிட்ட சொல்றதுதான் கேக்குது.”

“நானும் வரேன்” என்றார் ஆலிஸ்டர், தன் பூட்ஸைப் பார்த்து.

“பூட்ஸுக்கும் காது இல்ல.”

அவர் நிமிர்ந்தார். இவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. “என்னால தனியா இருக்க முடியல ரே. சனிக்கிழமை வந்தா பயமா இருக்கு. என்னையும் கூட்டிட்டுப் போ.”

ரேவின் வாரைக் கீழே வைத்தாள். பிறகு அவர் காலரைச் சரிசெய்தாள். “பூட்ஸ மாத்திக்கிட்டு வா. போன மாசமே உன் பேரக் குடுத்தாச்சு. இன்னிக்கு பெஸ்ஸோட ஓடறது நீதான். நான் டீ மேசையப் பாத்துக்கறேன்.”

“என் முழங்காலு?”

“கிழட்டு நாய்ப் பிரிவுதானே. அவங்க அவசரப்பட மாட்டாங்க.”

மைதானத்தில் டெல்மா அவர் மார்பில் எண் ஒட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள். போன வாரம் உட்கார்ந்துபோன பெண்மணி கொஞ்சம் முறைத்தே பார்த்தாள். ஆலிஸ்டர் நடுவில் போய் நின்று கையை உயர்த்தினார். என்ன சைகைக்கு என்ன அர்த்தம் என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்பாரா?

பெஸ் கிளம்பியது. கம்பு, குழாய், மறுபடி கம்பு. ஆலிஸ்டர் விந்திவிந்தி நடந்து கையை வீசினார். ஒரு தடவை அவர் இடப்பக்கம் காட்டியபோது பெஸ் வலப்பக்கம் போனது. பார்த்தால் வலப்பக்கம்தான் சரியான வழி. கை தானாக வலப்பக்கம் காட்டியிருக்கிறது, அனுபவம் அப்படி, என்று எண்ணிக்கொண்டார். நாய் அவர் தோளைத் தாண்டியே பார்த்துக்கொண்டிருந்தது. தொப்பி பிடித்திருக்கிறது போலிருக்கிறது. ஆறு குச்சியும் வளைந்து, கடைசிக் கம்பையும் தாண்டியபோது கைதட்டல் எழுந்தது. ஒரு தப்பு இல்லை. டெல்மா அவர் முதுகில் தட்டினாள். இரண்டு வருஷத்தில் அவர் முதுகில் யாரும் தட்டியதில்லை.

டீ மேசைக்கு அவர் வந்த நடையே வேறு.

“பாத்தியா ரே? ஒரு பிசகு உண்டா? காது போனா என்ன, அவளுக்கு என் கை போதும். என் கையத் தவிர வேற எதையும் பாக்கல அவ!”

ரேவின் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

“எங்க பாக்கறது? உனக்கு நேர் பின்னாடி இந்த மேசையில நின்னு, ஒரு கையால டீ ஊத்தி, இன்னொரு கையால உங்க ரெண்டு பேரையும் ஓட்டறதுக்கே எனக்கு நேரம் சரியாப் போச்சு.”